உவர் மண்ணுக்குக் கரண்ட் கொடுத்த கதை

உவரிக்காரன்:
மின்சாரம் விட்டு மண்ணில் உப்பெடுக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். நான் செய்து பார்த்திருக்கிறேன். வயலில் இல்லை, பிளாஸ்டிக் தொட்டியில்.

எங்கள் நிலம் உவரிக்கு மேற்கே. (ஊர்ப் பேரிலேயே உவர் இருக்கிறது, யாரைக் குறை சொல்ல?) கிணற்றை ஆழப்படுத்தி ராப்பகலாக இறைத்ததில் கடல் உள்ளே வந்துவிட்டது. அதையே பாய்ச்சினோம், மண்ணில் வெள்ளை பூத்துவிட்டது. மணலாக இருந்தால் ஐப்பசி, கார்த்திகை மழை கழுவிவிடும். எங்களுடையது குளத்தடிக் களி, தண்ணீர் இறங்காது. இன்ஜினியரிங் படிக்கிற அக்கா மகன்தான், "மாமா, டி.சி. கரண்ட் விட்டா உப்புல இருக்கிற சோடியம் மைனஸ் பக்கமும் குளோரைடு பிளஸ் பக்கமும் போயிரும்" என்றான்.

ஈரக் களியில் இரண்டு இரும்புக் கம்பி, 12 வோல்ட் பேட்டரி. மூன்றாம் நாள் பிளஸ் கம்பி துருவாகி ஒடிந்தது. பழைய டார்ச் செல்லை உடைத்துக் கார்பன் குச்சி எடுத்துச் செருகினோம். அப்புறம்தான் வேடிக்கை. பிளஸ் பக்கம் பிளீச்சிங் பவுடர் நெடி, மண் காய்ந்து வெடித்தது. களியில் தண்ணீரும் மைனஸ் பக்கம் நகருமாம். அங்கே சொதசொதவென்று ஒரே நுரை. மஞ்சள்பொடியைத் தூவினேன், குங்குமமாகச் சிவந்தது. அவ்வளவு காரத்தன்மை! உவர் (உப்பு) மண்ணைக் களர் (கார) மண்ணாக்கிய பெருமை எனக்கு.

நடுவிலிருந்த மண்ணை நாக்கில் வைத்தேன். கரிப்பு நன்றாகவே குறைந்திருந்தது. ஆனால் உப்பு ஓரத்துக்கு நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தத் தண்ணீரைச் சிரட்டையால் கோரிக்கோரி வெளியே கொட்ட வேண்டியிருந்தது.

மானூர் கரிசல்:
அண்ணாச்சி, எங்க களருக்கு ஜிப்சம் போட்டு, தண்ணி கட்டி வடிச்சு, தக்கைப்பூண்டு (பசுந்தாள் உரச் செடி) மடக்கி உழுதோம். இரண்டு வருஷத்தில் நெல் பிடித்தது. கரண்ட் செலவுக்கு இது தேவலை இல்லையா?

உவரிக்காரன்:
வடிக்க நல்ல தண்ணீர் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன் தம்பி. ஆய்வுக்கூடத்தில் சென்டிமீட்டருக்கு ஒரு வோல்ட் என்பது வழக்கமான கணக்கு. வயலில் ஒரு மீட்டர் இடைவெளிக்கே 100 வோல்ட்; அதுவும் ஈர மண்ணில், மாடு மேயும் இடத்தில். உப்பு கூடக்கூட மண் கரண்டையும் கூடுதலாக இழுக்கும். கிணறு வேறு கதை: கடல் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும்போது எதை எடுக்க? இறைப்பைக் குறைத்திருக்கிறேன்.

மருமகன் சோலார் பலகை வைத்து ஒரு சென்ட்டில் பார்ப்போம் என்கிறான். முதலில் வேலியைப் போடுலே என்றிருக்கிறேன்.