மட்டக்களப்புக்கு ஒரு சின்ன பியர் ஆலை: வேணுமா, வேண்டாமா?

வாவிக்கரையான்:
மட்டக்களப்பில் ஒரு சின்ன பியர் ஆலை வரவேண்டும், வெளியூர் ஆக்கள் வந்து சுற்றிப் பார்க்கிற மாதிரி அதை வைக்க வேண்டும் என்பது என் கருத்து. பக்கத்துப் பாசிக்குடாக் கடற்கரைக்கு வருகிறவர்கள் கடலில் குளித்து, ஹோட்டலில் சாப்பிட்டு, அப்படியே கிளம்பிவிடுகிறார்கள். ஊருக்குள் வர அவர்களுக்கு ஒரு காரணம் வேணும்.

ஜேர்மனியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, பம்பேர்க் பக்கத்தில் ஒரு கிராமத்து ஆலைக்கு அத்தான் கூட்டிக்கொண்டு போனார். பம்பேர்க் 1993 இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த பழைய நகரம். அது இருக்கிற மேல் பிராங்கோனியாவில் மட்டும் 200 அளவில் பியர் ஆலைகள் உண்டு, பெரும்பாலும் குடும்பங்கள் நடத்துவது. நாங்கள் போன இடத்தில் ஆலை, சாப்பாட்டுக் கடை, வீடு எல்லாம் ஒரே வளவுக்குள். முளைகட்டிக் காயவைத்த பார்லியைக் கையில் தந்து கடித்துப் பார்க்கச் சொன்னார்கள். மொறுக்கென்று உடைந்து, பிறகு இனித்தது. அதை அரைத்து 65 பாகை அளவுச் சுடுநீரில் ஊறவிட்டால் மாப்பொருள் சீனியாகிறது. வடித்த சாற்றை ஹொப்ஸ் பூப் போட்டுக் கொதிக்க வைத்து, ஆற்றி, ஈஸ்ட் சேர்த்து, குளிர் அறையில் கிழமைக்கணக்கில் விடுகிறார்கள். பம்பேர்க்கின் பேர்போன பியருக்கு பார்லியை பீச் மரப் புகையில் காயவைப்பார்கள். அதைக் குடித்தால் முதல் வாயில் வருவது, அடுப்புக்கு மேலே தொங்கவிட்ட இறைச்சி வத்தலின் புகை மணம்தான். மிஞ்சின சக்கையை மாட்டுக்குப் போட பக்கத்துப் பண்ணைக்காரர் டிரக்டரோடு வந்து நின்றார். வெறியில் தள்ளாடுகிற ஒருவரையும் நான் காணவில்லை. குடும்பம் குடும்பமாக இருந்து சாப்பிட்டார்கள். இதை ஏன் நாங்கள் செய்ய முடியாது?

கல்லடிக்காரி:
தம்பி, நீங்கள் பார்த்தது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஊரில் குடிக்கிறவன் வீட்டில் அடுத்த நாள் உலை வைக்க அரிசி இருக்குமா என்று ஒருத்தியும் யோசிக்கத் தேவையில்லை. நான் வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் பெண்களின் சேமிப்புக் குழுக்களோடு வேலை செய்கிறேன். கூலிக்குப் போன மனுசன் பின்னேரம் பாருக்குள் போய்விட்டு வெறுங்கையோடு வருவதும், மனைவி குழுவில் எடுத்த கடனை அடைக்க இன்னொரு இடத்தில் கடன் எடுப்பதும் எனக்குப் புதுக்கதை இல்லை. பாருக்குப் போகக் காசில்லாதவன் கள்ளச்சாராயமான கசிப்புக்குப் போகிறான். இதற்குள் இன்னுமொரு ஆலையா?

2017 இல் கல்குடாவில், கும்புறுமூலையில் கட்டிய மதுபான ஆலைக்கு மாவட்டம் முழுக்க எதிர்ப்பு எழும்பினதை மறந்துபோனீர்களா? செய்தி எடுக்கப் போன பத்திரிகையாளர்களைத் துரத்தித் தாக்கினார்கள். அப்போதும் வேலைவாய்ப்பு வரும் என்றுதான் சொன்னார்கள்.

வாவிக்கரையான்:
அக்கா, கும்புறுமூலைக் கதை வேறு. அது பெரிய முதலோடு எத்தனோல் வடிக்கக் கட்டின இடம். நான் சொல்வது பத்துப் பேர் வேலை செய்கிற ஒரு வளவு. சாராயத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மதுசாரம், பியரில் ஐந்து வீதம் அளவு. இரண்டையும் ஒரே தராசில் போடாதீர்கள்.

கல்லடிக்காரி:
வீதத்தை வைத்து ஒரு வீட்டின் நிம்மதியை அளக்க ஏலாது தம்பி. ஸ்ட்ரோங் பியர் எட்டு வீதத்துக்கு மேலேயும் இங்கே விற்கிறது. பெடியன்கள் தொடங்குவதே பியரில்தான்.

பாசிக்குடா ஊழியன்:
நான் ஹோட்டலில் வேலை செய்கிறவன். குடி நல்லதா கூடாதா என்பதை விடுவோம், இது நடக்குமா என்று பாருங்கள். பார்லி இங்கே விளையாது, ஹொப்ஸும் விளையாது. இரண்டும் கப்பலில் வரவேணும். போத்தலும் மூடியும் அப்படித்தான். நம்ம வெயிலில் பியர் புளிக்க வைக்கிற அறையை இரவு பகலாகக் குளிராக வைத்திருக்க வேணும். கரண்ட் பில்லை யார் கட்டுவது? கடைசியில் ‘மட்டக்களப்பு பியர்’ என்று லேபல் ஒட்டினால், அதில் மட்டக்களப்பின் பங்கு தண்ணீர் மட்டும்தான்.

அடுத்தது சட்டம். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி மதுவுக்கு விளம்பரம் செய்யக் கூடாது, 21 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது. ‘எங்கள் ஆலைக்கு வந்து ருசி பாருங்கள்’ என்று ஒரு பலகை கூட வைக்க முடியாத இடத்தில் எப்படிச் சுற்றுலா நடத்துவது? பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் பூட்டு வேறு. வெள்ளைக்காரன் ஐந்து நாள் வந்தால் அதில் ஒரு நாள் போயாவாக இருந்து, ஏன் பார் பூட்டு என்று என்னிடம்தான் கேட்பான்.

அம்பாறை விவசாயி:
நான் அக்கரைப்பற்றுப் பக்கம் வயல் செய்கிறேன். என் வீட்டில் யாரும் குடிப்பதில்லை, அதை வைத்து மற்றவருக்குச் சட்டம் போடவும் வரவில்லை. பார்லிக்குப் பதிலாக நம்ம நெல்லில் காய்ச்சலாம் என்று யாராவது சொல்ல முந்தி நான் சொல்லிவிடுகிறேன். அரிசியை மட்டும் ஊறவைத்தால் அது சீனியாக மாறாது. முதலில் கஞ்சியாக அவிக்க வேணும், பிறகு முளைகட்டிய பார்லியோடு கலக்க வேணும். அப்படியும் பார்லியிடம்தான் போய் நிற்கிறோம்.

என் பயம் தண்ணீர். ஒரு லீற்றர் பியருக்கு, கழுவுகிறதோடு சேர்த்து, 5, 6 லீற்றர் தண்ணீர் போகும். சின்ன ஆலையில் இன்னும் கூட. மழை குறைந்த சிறுபோகத்தில் கடைசித் தண்ணிக்கு வாய்க்காலில் இரவு காவல் இருக்கிறவனிடம் இதைக் கேளுங்கள்.

பாளைக்கத்தி:
எல்லாரும் பார்லியைப் பற்றியே கதைக்கிறீர்கள். வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கம், எழுவான்கரை நெடுக நிற்கிற தென்னை ஒருவர் கண்ணிலும் படவில்லை. எங்கள் அப்பா தென்னையில் கள்ளு இறக்குகிற சீவல் தொழில் செய்தவர். விரியாத பாளையைக் கயிற்றால் இறுக்கிச் சுற்றி, நாள் தவறாமல் மெல்லத் தட்டித் தட்டிப் பதப்படுத்துவார். தட்டு கூடினால் பாளை வெம்பிப் போகும், குறைந்தால் சொட்டாது. பிறகு நுனியைக் காலையும் மாலையும் மெல்லிசாகச் சீவி, முட்டி என்கிற பானையைக் கட்டுவார். சீவல் தடித்தால் பாளை சீக்கிரம் முடிந்துவிடும். சீவின விதத்தைப் பார்த்தே அது யார் சீவின மரம் என்று சொல்லுவார்கள்.

முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் இனிப்பாக வரும், பிள்ளைகளும் குடிக்கலாம். பூசாவிட்டால் ஈஸ்ட் தன்பாட்டில் வந்து சேர்ந்து புளிக்கத் தொடங்கும். யாரும் போடத் தேவையில்லை, குளிர் அறையும் தேவையில்லை. நன்றாகப் புளித்தால் நாலைந்து வீதம், அதாவது உங்கள் பம்பேர்க் பியர் அளவுதான். இன்னும் விட்டால் வினாகிரி. இவ்வளவும் கண்முன்னே நடக்கிறது. இதைப் பார்க்க ஒரு சுற்றுலாக்காரனையும் இதுவரை யாரும் கூட்டி வரவில்லை. கள்ளுத் தவறணை என்றால் மட்டும் முகத்தைச் சுளிப்பார்கள்.

வாவிக்கரையான்:
அண்ணன், நான் கேட்டதும் இந்த மாதிரி ஒன்றுதான். அங்கே எனக்குப் பிடித்தது பியரை விட, செய்கிற மனிதரைப் பார்த்துக் கேள்வி கேட்க முடிந்ததுதான். கள்ளில் அது இன்னும் நல்லாக நடக்கும். யாழ்ப்பாணத்தில் பனங்கள்ளைப் போத்தலில் அடைத்து விற்கிறார்கள். நாங்கள் தென்னங்கள்ளில் ஏன் தொடங்கக் கூடாது?

பாசிக்குடா ஊழியன்:
கள்ளு என்றால் என் கணக்கும் மாறும். மூலப்பொருளுக்கு டொலர் தேவையில்லை. ஆனால் இறக்கினதில் இருந்து மேசைக்கு வருகிற வரைக்கும் மணித்தியாலக் கணக்கு. காலையில் இனித்தது பின்னேரம் புளிக்கும். முட்டியில் பூச்சி புழு கிடந்தால் ஒரு முறை பார்த்தவன் இரண்டாம் முறை வரமாட்டான். வடிகட்டி, சுத்தமான கிளாசில் கொடுக்க ஒழுங்கு செய்தால் நான் இருக்கிற ஹோட்டலிலேயே கேட்டுப் பார்ப்பேன்.

கல்லடிக்காரி:
சீவல் தொழிலாளியை மதிக்க வேணும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. மரத்தால் விழுந்து இடுப்பு உடைந்தவர்களின் வீட்டுக்கும் நான் போயிருக்கிறேன்; அந்தக் குடும்பங்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் ‘பார்வையிட வாருங்கள்’ என்ற பெயரில் திறக்கிற இடம் ஆறு மாதத்தில் ஊர் ஆண்கள் பின்னேரம் கூடுகிற இடமாகும். வெளிநாட்டுக்காரன் வருடத்தில் சில மாதம்தான் வருவான். மிச்ச மாதம் யாருக்கு விற்பீர்கள்?

இன்னொன்று. பெண்களுக்கு மது விற்கத் தடை போட்ட 1979 விதியைத் தளர்த்தி, பெண்களும் மது வாங்கலாம், மது விற்கிற இடத்தில் வேலையும் செய்யலாம் என்று 2018 ஜனவரியில் அறிவித்தார்கள். சில நாளிலேயே சனாதிபதி அதைத் திருப்பிவிட்டார். நான் குடிக்கச் சொல்லி வாதாடவில்லை. ஆனால் குடும்பமாக வந்து பார்க்கலாம் என்கிறீர்களே, அந்தக் குடும்பத்தில் பெண்ணின் இடம் என்ன என்று முதலில் சொல்லுங்கள். இந்தத் திட்டத்தில் அவளுக்கு இருக்கிறது செலவுப் பக்கம் மட்டும்தான்.

பாளைக்கத்தி:
அக்கா, அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. இனிப்புக் கள்ளைக் காய்ச்சிப் பாகு மாதிரியான பாணியும் கருப்பட்டியும் எடுப்பது எங்கள் வீட்டில் அம்மாவின் வேலை. அகலச் சட்டியில் விறகு நெருப்பைக் கூட்டாமல் குறைக்காமல் பிடித்துக்கொண்டு, நுரை அடங்கும் வரைக்கும் கரண்டியை விடமாட்டார். அதுவும் சேர்ந்ததுதான் இந்தத் தொழில். வருகிறவர்களுக்கு மரம், சீவல், இனிப்புக் கள்ளு, பாணி காய்ச்சுவது, வினாகிரி எல்லாம் காட்டலாம். புளித்த கள்ளு கேட்கிறவருக்கு ஒரு கிளாஸ். பின்னேரம் நான்கு மணிக்குப் பூட்டு. ஊர் ஆக்களுக்குப் புளித்தது விற்பதில்லை என்று அனுமதிப் பத்திரத்திலேயே எழுதட்டும்.

அம்பாறை விவசாயி:
இனிப்புக் கள்ளும் பாணியும் என்றால் நானே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவேன். புளித்ததை வேறு வளவில் வையுங்கள். ஒரே வளவில் இரண்டும் இருந்தால் எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் வராது.

வாவிக்கரையான்:
வேறு வளவு என்பது செய்யக்கூடிய விசயம். ஆனால் பியர் ஆலை யோசனையை நான் முழுக்க விடவில்லை. ஐந்து வருடத்தில் ஒருவன் பாசிக்குடாவில் தொடங்கத்தான் போகிறான், அது நம்ம ஊர்க்காரனாக இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

கல்லடிக்காரி:
தொடங்க வருகிறவன் ஊர்க்காரனாக இருந்தாலும் பிரதேச செயலகத்துக்கு எதிர்ப்பு மனு கொண்டுபோகிற முதல் ஆள் நான்தான். பாணிக்கும் கருப்பட்டிக்கும் என்றால் எங்கள் குழுக்களில் காய்ச்சத் தெரிந்த பெண்கள் இருக்கிறார்கள். பாளைக்கத்தி தம்பி, ஒரு போத்தல் பாணிக்கு எத்தனை லீற்றர் இனிப்புக் கள்ளு போகும், விறகுச் செலவு என்ன என்று எழுதுங்கள். வருகிற கூட்டத்தில் கணக்குப் போட்டுப் பார்க்கிறோம்.