ஃபர்மீட்டுக்கு ஊர் விட்டு ஊர் போவது ஏன் குறைந்துவிட்டது? கோஷ்டிகளா, கட்டணமா?

செந்நாய் (மான்செஸ்டர்):
பிரிட்டனில் இன்று பெரிய நகரம் என்றால் அங்கே ஒரு ஃபர்மீட் இருக்கிறது. மனிதரைப் போல நடந்து பேசும் விலங்குப் பாத்திரங்களின் மேல் பற்றுக் கொண்ட நாம் ஒரு சனிக்கிழமை மதியம் ஏதாவதொரு பப்பின் மாடியில் கூடுகிறோம். ஃபர்சூட் என்னும் விலங்கு உடை வைத்திருப்பவர்கள் அதை அணிந்துகொண்டு வீதியில் ஒரு சுற்று வருகிறார்கள். வரைபவர்கள் மூலையில் உட்கார்ந்து ஒருவர் நோட்டில் மற்றவர் வரைந்து கொடுக்கிறார்கள். இதெல்லாம் முன்பு போலவே நடக்கிறது. வெளியூர் முகம்தான் காணோம். பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் கூட்டத்துக்கு லிவர்பூல், ஷெஃபீல்ட், லீட்ஸ் என்று எல்லாப் பக்கமிருந்தும் வருவார்கள். நாங்களும் திருப்பிப் போவோம். இப்போது அந்தந்த ஊர்க்காரர்கள் அந்தந்த ஊரிலேயே.

என்னைக் கேட்டால் கோஷ்டிதான் காரணம். வெளியூரிலிருந்து ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். பகல் முழுக்கக் குறையில்லை, ஃபர்சூட்டோடு படம் எடுத்துக்கொள்ளலாம். மாலை ஆறு மணிக்குக் கூட்டம் கலையும்போது பாருங்கள். ஐந்தைந்து பேராகப் பிரிந்து மளமளவென்று இறங்கிப் போய்விடுவார்கள். எங்கே சாப்பாடு, யார் வீட்டில் அரட்டை என்பதெல்லாம் முன்பே முடிவாகியிருக்கும். ரயிலுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்க, ஃபர்சூட் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தவர் நடைபாதையில் நிற்பார். அப்படி நின்றவர் இரண்டாம் முறை டிக்கெட் எடுப்பாரா?

நீர்நாய் (பிரிஸ்டல்):
எடுக்க மாட்டார். ஆனால் முதல் முறையே எடுக்க முடியாதவர்கள்தான் இன்று அதிகம். அவர்களை நீங்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை.

கோஷ்டி என்றைக்கு இல்லாமல் இருந்தது? பழகியவர்களோடு சேர்ந்து உட்காருவது மனித சுபாவம். மாறியது ரயில் கட்டணம். இங்கிலாந்தில் அரசு வரம்பு வைக்கும் கட்டணங்கள் 2023 மார்ச்சில் 5.9 சதவீதம், 2024 மார்ச்சில் 4.9, 2025 மார்ச்சில் 4.6 என்று ஏறின. இந்த ஏற்றங்களுக்கு முந்தைய வருடமே ரயில் வேலைநிறுத்தங்கள் தொடங்கிவிட்டன. 2022 ஜூன் 25 சனிக்கிழமை, அக்டோபர் முதல் தேதி சனிக்கிழமை, 8ஆம் தேதி மறுபடி சனிக்கிழமை. நம் சந்திப்புகள் எந்தக் கிழமையில் என்று சொல்லத் தேவையில்லை. ரயில் ஓட்டுநர் சங்கத்தின் தகராறு தீரவே 2024 செப்டம்பர் ஆனது. இரண்டு வருடம் சனிக்கிழமைப் பயணத்தை நம்ப முடியாமல் இருந்தால் பழக்கம் விட்டுப்போகும். கொரோனா ஊரடங்கு ஏற்கெனவே அதை உடைத்திருந்தது.

வயதும் ஒரு காரணம். 16 முதல் 25 வயது வரை ரயில்கார்டு என்னும் சலுகை அட்டையில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. 2019இல் அதை 26 முதல் 30 வயதுக்கும் நீட்டினார்கள். அந்தக் காலத்தில் ஊர் ஊராகத் திரிந்த நம் ஆட்கள் இன்று முப்பதைத் தாண்டிவிட்டார்கள். முழுக் கட்டணம், வீட்டு வாடகை, சிலருக்குக் கைக்குழந்தை. அவர்களைப் போய் உங்கள் மனம் சுருங்கிவிட்டது என்று சொல்வது நியாயமில்லை.

செந்நாய் (மான்செஸ்டர்):
பணம் இல்லை என்கிறீர்கள். ஆனால் அதே நண்பர்கள் மே மாத இறுதியில் கன்ஃபஸ்ல்ட் என்னும் நம் மாநாட்டுக்காக பர்மிங்காம் போய் ஹோட்டலில் தங்குகிறார்கள். ஜெர்மனியில் நடக்கும் யூரோஃபியூரன்ஸ் மாநாடு 2023இல் ஹாம்பர்க்குக்கு மாறியதும் விமானம் ஏறி அங்கேயும் போகிறார்கள். கடல் தாண்டப் பணம் இருக்கிறது, பக்கத்து ஊருக்கு வர இல்லையா?

கன்ஃபஸ்ல்ட் 2008இல் இதே மான்செஸ்டரில் ஓர் இளைஞர் விடுதியில்தான் தொடங்கியது. அந்த அளவில் ஒரு மாநாட்டில் யாரும் ஒதுங்கி நிற்க முடியாது. படிக்கட்டில் இறங்கினால்கூட யாராவது எதிரில் வருவார். இப்போது பெரிய ஹோட்டல், ஆயிரக்கணக்கில் கூட்டம். அங்கேயும் ஆட்கள் தங்கள் ஊர்க் கும்பலோடு அறை எடுத்து, கும்பலோடு சாப்பிட்டு, கும்பலோடு திரும்புகிறார்கள்.

நீர்நாய் (பிரிஸ்டல்):
வருடத்துக்கு ஒரு மாநாட்டுக்காகப் பத்து மாதம் சேமிப்பவர் மாதாமாதம் ஊர் சுற்ற முடியாது. நீங்கள் காட்டும் உதாரணமே என் பக்கம்தான் நிற்கிறது.

இன்னொன்று. முன்பு எங்கள் பகுதியில் சந்திப்பே அபூர்வம், அதனால் போனோம். இன்று சின்ன ஊர்களில்கூடத் தொடங்கிவிட்டார்கள், அதுவும் பாதி ஒரே சனிக்கிழமையில். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் நண்பர்கள் கிடைப்பது நல்ல செய்தி. அதை ஏன் வீழ்ச்சி என்கிறீர்கள்?

கரடிக்குட்டி (லீட்ஸ்):
நான் எங்கள் ஊர்ச் சந்திப்பை நடத்தும் குழுவில் இருக்கிறேன். கோஷ்டி என்று எங்களைத்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

காலையில் பப் மேலாளரிடம் பேசி மாடியைத் திறக்க வேண்டும். உடை மாற்றும் அறைக்கு ஒருவர் காவல், ஏனென்றால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஃபர்சூட்டும் ஆயிரக்கணக்கான பவுண்டு. மின்விசிறிகளை இழுத்துப் போட வேண்டும். ஃபர்சூட் தலைக்குள் பார்வை ஒரு சிறு ஜன்னல் அளவுதான், காதும் சரியாகக் கேட்காது. வீதியில் இறங்கினால் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் கை கொடுக்க ஆள் வேண்டும். வாலைப் பிடித்து இழுக்கும் குடிகாரனை நயமாக விலக்க வேண்டும். உடைக்குள் வெந்துபோனவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டும். எல்லாம் சம்பளமில்லாத வேலை. மாலையில் நாங்கள் ஆறு பேர், நின்று நின்று கால் வீங்கி, ஒரு மேசையில் பேச்சில்லாமல் நூடுல்ஸ் சாப்பிடுகிறோம். அதைத்தான் செந்நாய் கோஷ்டி என்கிறார். வந்தவர் 'நானும் வரலாமா' என்று கேட்டால் நாற்காலியை நகர்த்தித் தருவோம். கேட்பதில்லையே.

கீரி (பர்மிங்காம்):
அக்கா, எப்படிக் கேட்பது? நான் ஊரடங்கு முடிந்த பிறகு வந்தவள். நம்மில் பாதிப் பேர் கூச்சத்தோடு வருகிறவர்கள். பாத்திரத்தின் பெயரைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டால்தான் வாயே திறக்கிறோம். அப்படிப்பட்டவள் ஆறு பேர் சேர்ந்து கிளம்பும்போது குறுக்கே போய் நிற்பாளா?

வேறொரு நகரத்துக்குப் போனபோது நடந்ததைச் சொல்கிறேன். அங்கே டெலிகிராமில் ஒரு பொதுக் குழு உண்டு, நூற்றுக்கணக்கில் ஆட்கள். மாலையில் எங்கே சாப்பிடுகிறீர்கள் என்று அதில் கேட்டேன். ஒருவர் ஒரு ஸ்டிக்கர் போட்டார், அவ்வளவுதான். அந்த ஊர்க்காரர்களுக்கு உள்ளே தனிக் குழு இருக்கிறது, பதில் அங்கே இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. யாரும் என்னை விரட்டவில்லை, வருந்தும்படி ஒரு சொல் சொல்லவுமில்லை. எனக்கு டிக்கெட் காசு இருந்தது, ரயிலும் ஓடியது. ஆனாலும் நான் அந்த ஊருக்குத் திரும்பப் போகவில்லை. நீர்நாய் அண்ணா, இதை எந்தக் கட்டணக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

இப்போது எனக்கு நெருக்கமானவர்கள் விஆர்சாட் என்னும் இணைய மெய்நிகர் உலகத்தில் கிடைத்தவர்கள். அங்கே புதிதாக வந்தவர் தனியாக நின்றால் யாராவது பக்கத்தில் வந்துவிடுகிறார்கள். முதன்முதலில் நேரில் பார்க்க அவர்களில் ஒருவர் நியூகாசிலிலிருந்து வந்தார், முழுக் கட்டணம் கொடுத்து.

செந்நாய் (மான்செஸ்டர்):
கீரி சொன்னதைத்தான் நான் சொல்ல வந்தேன், இவ்வளவு தெளிவாக எனக்கு வரவில்லை. கரடிக்குட்டி, உங்கள் உழைப்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த ஆறு பேரை வரவேற்கவும் சொல்லி மேலும் வாட்டச் சொல்லவில்லை. அந்த வேலைக்கு உள்ளூர்க்காரர் ஒருவரைத் தனியாகப் போடுங்கள். வெளியூரிலிருந்து வருபவர் முன்பே பெயர் கொடுக்கட்டும், அவரோடு மாலை வரை இருப்பது அந்த ஒருவரின் பொறுப்பு. சாப்பாட்டு இடத்தைக் கூட்ட அறிவிப்பிலேயே எழுதுங்கள்.

கரடிக்குட்டி (லீட்ஸ்):
இடத்தை எழுதுவது சுலபம், அடுத்த அறிவிப்பிலேயே போடுகிறோம். ஆனால் முப்பது பேர் ஒரே உணவகத்துக்குள் நுழைந்தால் அவர்கள் எங்களை அடுத்த முறை சேர்க்க மாட்டார்கள், ஆகவே இரண்டு மூன்று இடமாகத்தான் இருக்கும். கூட இருக்க ஆள் போடுவதில் எனக்குச் சம்மதமில்லை. கடமைக்குப் பக்கத்தில் உட்காரும் ஒருவரை யாருக்குப் பிடிக்கும்?

கீரி (பர்மிங்காம்):
எனக்குப் பிடித்திருக்கும், அக்கா. அன்றைக்கு யாரோ ஒருவர் கடமைக்காகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் போதுமாக இருந்தது.

நீர்நாய் (பிரிஸ்டல்):
கீரிக்கு நடந்தது நடந்திருக்கக் கூடாது. அதற்காக ஊர் ஊராக நின்றுபோன பயணம் முழுவதையும் அதில் ஏற்ற நான் தயாரில்லை. நடத்துபவர்கள் உண்மையிலேயே வெளியூர்க்காரரை விரும்பினால் இரண்டு காரியம் செய்யட்டும். பக்கத்து நகரங்கள் பேசிக்கொண்டு ஆளுக்கொரு சனிக்கிழமை என்று பிரித்துக்கொள்ளட்டும். தேதியை மூன்று மாதம் முன்பே சொல்லட்டும். முன்பதிவு டிக்கெட் விற்பனைக்கு வரும் அன்றே வாங்கினால்தான் என் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகும். இந்த வசந்தத்தில் லீட்ஸ் தேதியை எப்போது வெளியிட்டீர்கள்? பத்து நாள் முன்பு.

கரடிக்குட்டி (லீட்ஸ்):
பப் மேலாளர் மாடியை அவ்வளவு முன்பாக உறுதி செய்வதில்லை. கேட்டுப் பார்க்கிறேன். மான்செஸ்டர் தேதியைச் செந்நாய் கேட்டுச் சொல்லட்டும், அந்தச் சனிக்கிழமையை நாங்கள் தொட மாட்டோம்.