தமிழ்வழி மாணவர்களின் ஆங்கில எழுத்து: எம்.ஏ. ப்ராஜெக்ட் தலைப்பைக் குறுக்குவது எப்படி?

முதுகலை_இறுதியாண்டு கேட்டது:

வணக்கம். ஆங்கிலம் கற்பித்தலில் எம்.ஏ., நான்காவது செமஸ்டர். "தமிழ்வழியில் படித்து வந்த முதலாமாண்டு மாணவர்களுக்குக் கம்யூனிகேட்டிவ் முறை எந்த அளவுக்குப் பயன் தருகிறது" என்று தலைப்புக் கொடுத்திருந்தேன் (கம்யூனிகேட்டிவ் முறை என்றால் இலக்கண விதியைவிட, பேசிப் புழங்குவதற்கு முதலிடம் தரும் முறை). ரொம்ப அகலம், குறுக்கிக்கொண்டு வாங்க என்று கைடு திருப்பிவிட்டார். கையில் இருப்பது பி.காம். முதலாண்டு இரண்டு செக்‌ஷன், தலா 30 பேர், வாரம் ஒரு மணி நேரம், மொத்தம் 14 வாரம். எதை எடுப்பது, எப்படி அளப்பது? புள்ளியியலில் எக்ஸெல் வரைக்கும் தெரியும்.

சொல்வலை:

உங்கள் கைடு சொன்னது நியாயம். ஒரு முறையை இன்னொரு முறையோடு மோதவிட்டால், மாற்றம் எதனால் வந்தது என்று கடைசியில் சொல்லவே முடியாது. ஆசிரியரா, பாடப்பொருளா, அந்த செக்‌ஷனே கெட்டிக்கார செக்‌ஷனா? இலக்கணத்தை நேராக நடத்தாமல், செய்து முடிக்க வேண்டிய பணிகள் வழியே ஆங்கிலம் கற்பிக்க என்.எஸ்.பிரபு 1979 முதல் 1984 வரை நடத்திய பெங்களூர் திட்டத்துக்கே இந்தச் சிக்கல் வந்தது. சென்னை, கடலூர் வகுப்புகளும் அதில் இருந்தன. 1985இல் பெரெட்டா, டேவிஸ் என்ற ஆய்வாளர்கள் அதை மதிப்பிட்டபோது, மாணவர்களைக் குலுக்கிப் பிரிக்க வழியில்லை. ஏற்கெனவே இருந்த வகுப்புகளை அப்படியே வைத்துத்தான் ஒப்பிட முடிந்தது. அவ்வளவு பெரிய திட்டத்துக்கே அதுதான் நிலை என்றால், 14 வாரத்தில் ஒருவர் செய்கிற ப்ராஜெக்ட் ஒரே ஒரு இலக்கணக் கூறோடு நிற்பதுதான் நல்லது.

ஆர்டிகிளை, அதாவது பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் 'எ', 'ஆன்', 'தி' சொற்களை எடுங்கள். அதிலும் இரண்டு பயன்பாடு போதும்: ஒரு பொருள் கதையில் முதல்முறை வரும்போது 'எ', அதே பொருள் திரும்ப வரும்போது 'தி'. பிட்செனர் என்ற ஆய்வாளர் 2008இல் இந்த இரண்டை மட்டும் வைத்துத்தான் எழுத்துத் திருத்தம் பலன் தருகிறதா என்று பார்த்தார். இலக்கணத் திருத்தத்தையே கைவிட வேண்டும் என்று 1996இல் டிரஸ்காட் எழுதினாரே, அந்த விவாதத்தின் தொடர்ச்சி அது. முன்னாய்வு அத்தியாயத்தை இந்த இருவரிடமிருந்து தொடங்கலாம்.

நம் மாணவர்களிடம் இதைச் செய்வதற்குத் தமிழ் தரும் காரணம் ஒன்று உண்டு. அதைக் கட்டாயம் எழுதுங்கள். தமிழில் ஆர்டிகிள் கிடையாது, ஆனால் அந்த வேலை கொஞ்சம் நடக்கிறது. 'புத்தகம் வாங்கினேன்' என்றால் ஏதோ ஒரு புத்தகம். 'புத்தகத்தை வாங்கினேன்' என்றால் இருவருக்கும் தெரிந்த புத்தகம். அதாவது அஃறிணைச் செயப்படுபொருளில் 'ஐ' உருபு கிட்டத்தட்ட 'தி' செய்வதைச் செய்கிறது. கிட்டத்தட்ட என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'ஒரு புத்தகத்தை எடுத்தான்' என்றும் சொல்கிறோம். உயர்திணைக்கு 'ஐ' அனேகமாக எப்போதுமே வரும், ஆகவே அங்கே இந்தக் குறிப்பு உதவாது. எழுவாயில் குறிப்பே இல்லை: 'பையன் வந்தான்' எந்தப் பையனாகவும் இருக்கலாம். 'ஒரு'வுக்கு எண்ணுப்பெயர் வேலையும் இருப்பதால்தான் 'ஒன் டே ஒன் கிங்' என்று எழுதுகிறார்கள்.

இதிலிருந்தே கருதுகோள் கிடைக்கிறது. எழுவாய் இடத்தில் 'தி' விடுபடுவது, அஃறிணைச் செயப்படுபொருள் இடத்தில் விடுபடுவதைவிட அதிகமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம், அதுவும் ஒரு முடிவுதான்.

அளவுகோல்:

தலைப்பு நன்றாக இருக்கிறது. நடத்தும் விதம் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இரண்டு செக்‌ஷனுக்கும் ஒரே படக்கதை, ஒரே நேரம். ஒன்றில் ஆர்டிகிளைத் திருத்திக் கொடுங்கள். மற்றதில் திருத்தத்தோடு 'ஐ' உருபை ஒப்பிட்டுத் தமிழில் 10 நிமிட விளக்கமும் கொடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் அந்த விளக்கம் ஒன்றுதான் என்று இருக்க வேண்டும். அந்த 10 நிமிடத்தை முதல் செக்‌ஷனுக்கு வேறு எழுத்துப் பயிற்சியாகக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நேரம்தான் காரணம் என்று வைவாவில் கேட்பார்கள்.

முதல் வாரம் அனுமதி. இரண்டாம் வாரம் வேறு வகுப்பில் ஐந்தாறு பேரிடம் படத்தைக் கொடுத்து ஒத்திகை. மூன்றாம் வாரம் முன்தேர்வு, 4 முதல் 6 வரை எழுத்தும் திருத்தமும், 7இல் பின்தேர்வு, 12இல் மறுபடி ஒரு தேர்வு. அந்தக் கடைசித் தேர்வை விட்டுவிடாதீர்கள். மறுநாளே மறந்துபோனதைக் கற்றல் என்று சொல்ல முடியாது. இன்டர்னல் தேர்வு எந்த வாரம் என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படக்கதைக்கு 6 படம், 25 நிமிடம், 120 சொல், கையெழுத்தில், போன் மேசையில் இருக்கக் கூடாது. மனிதர் ஒருவரும் பொருள்கள் மூன்று நான்கும் திரும்பத் திரும்ப வரும் படமாகப் பாருங்கள். ஒத்திகையில் ஆர்டிகிள் வர வேண்டிய இடம் ஒருவருக்குப் பத்தாவது கிடைக்காவிட்டால் படத்தை மாற்றுங்கள். நான்கே இடம் இருந்தால் ஒரு பிழையே 25 சதவீதத்தைத் தின்றுவிடும்.

எண்ணுவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். வர வேண்டிய 12 இடத்தில் 9இல் சரியாகப் போட்டிருந்தால் 75 சதவீதம். அதே மாணவர் தேவையில்லாத 6 இடத்திலும் 'தி' போட்டிருக்கலாம். திருத்தம் வாங்கியதும் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் 'தி' போடத் தொடங்குவது சகஜம். அதனால் 1983இல் பைக்கா என்ற ஆய்வாளர் எழுதியபடி வீண் இடங்களையும் வகுஎண்ணில் சேருங்கள்: 9 வகுத்தல் 18, அதாவது 50 சதவீதம். 'ஆன்' வர வேண்டிய இடத்தில் 'எ' போட்டிருந்தால் அதைத் தனிப் பத்தியில் குறியுங்கள், விடுபட்டதாக எண்ண வேண்டாம்.

முதுகலை_இறுதியாண்டு:

இருவருக்கும் நன்றி. ஒரு செக்‌ஷனின் பிழைகளையெல்லாம் கூட்டி, இரண்டு மொத்தத்துக்கும் கை ஸ்கொயர் (எண்ணிக்கைகளை ஒப்பிடும் புள்ளியியல் சோதனை) போட்டால் போதுமா? விடைத்தாளை நான் ஒருவனே திருத்தலாமா?

அளவுகோல்:

போதாது. கை ஸ்கொயருக்கு ஒவ்வோர் எண்ணிக்கையும் தனித்தனியாக வந்திருக்க வேண்டும். ஒரே மாணவர் 15 பிழை கொடுத்தால் அவை 15 பேரிடமிருந்து வந்தவை ஆகாது. ஆளுக்கு ஒரு சதவீதம் கணக்கிட்டு, முன்தேர்வுக்கும் பின்தேர்வுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, இரண்டு செக்‌ஷனுக்கும் டி டெஸ்ட் (இரண்டு சராசரிகளை ஒப்பிடும் சோதனை) போடுங்கள். எக்ஸெலிலேயே முடியும். முன்தேர்விலேயே ஒரு செக்‌ஷன் மேலே இருந்தால் அன்கோவா (அந்தத் தொடக்க வித்தியாசத்தைச் சரிக்கட்டி ஒப்பிடும் சோதனை) வேண்டும். ஜாஸ்ப் இலவச மென்பொருள், அதில் போடலாம்.

மூன்று தேர்வையும் எழுதியவர்களை மட்டும் கணக்கில் எடுங்கள். 30 பேர் 22, 23 ஆகக் குறையலாம். எத்தனை பேர், ஏன் விடுபட்டார்கள் என்று எழுதிவிடுங்கள்.

நீங்கள் ஒருவரே திருத்தினால் போதாது. ஐந்தில் ஒரு பங்குத் தாளை, எந்த செக்‌ஷன், எந்தத் தேர்வு என்று தெரியாதபடி எண் மட்டும் போட்டு, வகுப்புத் தோழர் ஒருவரிடம் கொடுங்கள். இருவர் குறிப்பையும் ஒப்பிட்டுக் காப்பா (இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று காட்டும் எண்) கணக்கிடுங்கள். 0.8க்குக் கீழே வந்தால் உங்கள் விதிகள் தெளிவாக இல்லை என்று அர்த்தம், விதியைத் திருத்திவிட்டு மீண்டும் எண்ணுங்கள்.

சொல்வலை:

ஒன்று விட்டுப்போனது. முதலாமாண்டில் பலருக்கு 18 வயது நிறைந்திருக்காது. அவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும், படிவத்தைத் தமிழிலேயே அடியுங்கள். மதிப்பெண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற இரண்டு வரியும் அதில் இருக்கட்டும். 12ஆம் வாரத் தேர்வு முடிந்ததும் அந்தத் தமிழ் விளக்கத்தை மற்ற செக்‌ஷனுக்கும் நடத்திவிடுங்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் அது போய்ச் சேர வேண்டும்.