ரிஸ்க்ல பகடை உருட்டுறது ஸ்ட்ராடஜியா, லாட்டரியா?

கோட்டைச்சாமி:
நேத்து ராத்திரி ரிஸ்க் (உலக வரைபடத்துல பகடை உருட்டி நாடு புடிக்கிற போர்டு கேம்) ஆடி நாலு மணி நேரம் போச்சு. ஐரோப்பா முழுசா என்கிட்ட, ஆசியால பாதி என்கிட்ட, மச்சான் ஆஸ்திரேலியால நாலு நாட்ட வச்சிக்கிட்டு மூலைல உக்காந்திருந்தான். சயாம்ல 14 பீஸ் குவிச்சு இந்தோனேசியாவ அடிச்சேன், அங்க அவன்கிட்ட இருந்தது வெறும் 5. உருட்ட உருட்ட அவனுக்கு ஆறு, அஞ்சு, ஆறு. கடைசில என் 14ல மிஞ்சினது 2, அவனுக்கு இன்னும் 3 நிக்குது. இதுக்கு பேசாம தாயமே ஆடியிருக்கலாம். போர் கேம்னா பகடையே இருக்கக்கூடாது, அவ்ளோதான். டிப்ளமசின்னு இன்னொரு போர் போர்டு கேம் 1959ல வந்துச்சு, அதுல ஒரு பகடை உண்டா?

பகடைராணி:
தம்பி, கணக்க பாத்துட்டு அழுங்க. 3 பகடைக்கு 2 பகடைன்னு மோதினா, அடிக்கிறவன் ரெண்டு பீஸையும் தூக்குறதுக்கு 37% சான்ஸ், ரெண்டையும் இழக்குறதுக்கு கிட்டத்தட்ட 29%, ஆளுக்கு ஒண்ணு போறதுக்கு கிட்டத்தட்ட 34%. டை ஆனா தடுக்கிறவனுக்கு ஜெயம், அப்படி இருந்தும் அடிக்கிறவன் கைதான் கொஞ்சம் ஓங்கி இருக்கு. உங்களுக்கு நடந்தது அபூர்வமான கெட்ட நேரம், ஒத்துக்கறேன். ஆனா நீங்க தோத்தது அங்க இல்ல. ஆசியால 12 நாடு, பன்னெண்டையும் புடிச்சாதான் போனஸ் 7, பாதி வச்சிருந்தா பைசா பிரயோஜனம் இல்ல, எல்லைய காக்க பீஸ் மட்டும் கரையும். ஆஸ்திரேலியாக்கு வாசல் ஒண்ணே ஒண்ணு, அவரு அதுல ஆள நிறுத்திட்டு டர்னுக்கு டர்ன் 2 பீஸ் சும்மா வாங்கிட்டு இருந்திருப்பாரு. அத முதல் மூணு டர்ன்லயே கெடுக்காம விட்டது பகடையா, நீங்களா?

கோட்டைச்சாமி:
அக்கா, பிளான் தப்புன்னா பிளானால தோக்கணும், 14 பேரு 5 பேருகிட்ட அடி வாங்கித்தான் தோக்கணுமா 😤 டிப்ளமசில ஒரு படைக்கு ஒரு படை சமம், மோதினா ரெண்டும் அவங்கவங்க எடத்துல நிக்கும், பக்கத்துல இருந்து சப்போர்ட் வந்தாதான் தள்ள முடியும். எல்லாரும் ஆர்டர எழுதி ஒரே நேரத்துல திறக்கணும். வரைபடத்துல இருக்கிற 34 சப்ளை சென்டர்ல 18 எடுத்தா ஜெயம். தோத்தா முழுசா என் மண்டைதான் காரணம்னு தெரியும்.

மூணாவதுசீட்டு:
முழுசா உங்க மண்டையா? 😂 ஒரு டிப்ளமசி ஆட்டத்துல நான் ஆஸ்திரியா, என் வீட்டுக்காரர் இத்தாலி. வெனிஸும் ட்ரியெஸ்டும் ஒட்டுன வீடு மாதிரி, ஆட்டம் தொடங்கும்போதே மூஞ்சிக்கு மூஞ்சி. ரெண்டு பேரும் சேந்து துருக்கிய முடிப்போம்னு சமையல்கட்டுல வச்சு சத்தியம் பண்ணாரு, கைல கறிவேப்பிலைய உருவிக்கிட்டே. நானும் நம்பி ட்ரியெஸ்ட காலி பண்ணிட்டு தெக்க போனேன். ஆட்டக் கணக்குல 1901 இலையுதிர் டர்ன் ஆர்டர திறந்தா வெனிஸ் படை ட்ரியெஸ்டுக்குள்ள. அங்க பகடைக்கு பதிலா மனுஷன் இருக்கான், அவன்மேல எத்தன பர்சன்ட் போடுவீங்க சொல்லுங்க. பகடைகிட்ட தோத்தா ஒரு நாள்ல மறந்துரும், இவரு ரெண்டு வாரம் ஹோட்டல் தோசைதான் சாப்ட்டாரு.

பழையவரைபடம்:
ஒரு விஷயம். நிஜ ராணுவமே பகடை வச்சுதான் பழகுச்சு. 1824ல பிரஷ்யாவுல ரைஸ்விட்ஸ்ங்கற ஆபீசர் க்ரீக்ஸ்பீல்னு ஒண்ணு கொண்டு வந்தாரு, வரைபடத்து மேல கட்டைகள நகத்தி ஆடுறது. சுட்டா எத்தன பேரு விழுவாங்கன்னு பகடையும் அட்டவணையும் சொல்லும், நடுவுல அம்பயர் ஒருத்தர். சண்டைல எதுவும் நினைச்சபடி நடக்காது, அதுக்கு ஆபீசர் பழகணும், அதான் பகடை.

பகடைய எடுத்துட்டா என்ன ஆகும்னு மிட்வே கடல் சண்டை கதை இருக்கு. 1942ல தாக்குதலுக்கு முன்ன ஜப்பான் கடற்படை மேசை மேல ஒத்திகை பாத்தாங்க. பகடைல அமெரிக்க குண்டு ஒம்போது பட்டுச்சு. அம்பயரா இருந்த உகாகி, ஒம்போதா, மூணுன்னு வச்சுக்கோன்னுட்டாரு. மூழ்கின காகா கப்பல அடுத்த கட்ட ஒத்திகைல திரும்ப மிதக்க விட்டாங்க. ஜூன் மாசம் நிஜத்துல நாலு விமானம்தாங்கி கப்பல் போச்சு, காகாவும் சேத்து.

கோட்டைச்சாமி:
அண்ணே, அது ஜப்பான் கடற்படை விமானி புச்சிதா எழுதினதுல இருந்து பரவுன கதை, அவரு மிட்வே பத்தி சொன்ன வேற சில விஷயத்த பின்னாடி ஆராய்ச்சி பண்ணவங்க தப்புன்னு சொல்லிட்டாங்க. அப்படியே நிஜம்னு வச்சாலும் அது டிரெயினிங். நான் ஞாயித்துக்கிழமை பொழுதுபோக்குக்கு ஆடுறேன், என் பிளான் ஜெயிக்குதான்னு பாக்கத்தான் ஆடுறேன்.

பழையவரைபடம்:
புச்சிதா மேல சந்தேகம் நியாயம்தான், அத வாபஸ் வாங்கிக்கறேன். க்ரீக்ஸ்பீல வாபஸ் வாங்க மாட்டேன்.

வடலிக்காத்து:
யாழ்ப்பாணத்தில இருந்து எழுதிறன். போர் எண்டு பேர் போட்ட பெட்டி ஒண்டையும் அம்மா வீட்டுக்குள்ள விடமாட்டா, ஏனெண்டு நாங்கள் கேக்கிறேலை. ஆடுபுலி மட்டும் ஓகே. மூண்டு புலி, பதினைஞ்சு ஆடு, பகடை இல்லை. ஆடு வச்சு ஆடி அம்மாவை இண்டைக்கு வரைக்கும் வெல்லேலாது.

பகடைராணி:
தங்கச்சி, அம்மாவுக்கு ஒரு கும்பிடு 🙏 ஆடுபுலி எனக்கும் உயிர். ஆனா அதுல பத்து ஆட்டம் ஆடினா பத்தும் நல்லா ஆடுறவங்களுக்குத்தான். ரிஸ்க்ல புதுசா வந்த புள்ள கூட ஒரு ரவுண்டு ஜெயிச்சிட்டு மறுவாரம் ஆர்வமா வருவா. எங்க வீட்ல நாலு பேரு சேந்து ஆட அதான் காரணம். டிப்ளமசிக்கு ஏழு பேரு வேணும், யாருக்கு கிடைக்கிறாங்க?

கோட்டைச்சாமி:
இங்கயே அஞ்சு பேரு இருக்கோம். என் மச்சானையும் மூணாவதுசீட்டு வீட்டுக்காரரையும் சேத்தா ஏழு. ஆன்லைன்ல ஞாயித்துக்கிழமை தொடங்கலாம், ஆர்டர் அனுப்ப ஒரு டர்னுக்கு ஒரு நாள். வடலிக்காத்து, அம்மா விடுவாங்களா?

வடலிக்காத்து:
டிப்ளமசி எண்ட பேரில போர் இல்லைத்தானே 😄 வாறன்.

பகடைராணி:
சரி நானும். ஆனா ஜெயிச்சாலும் பகடைதான் பெஸ்ட்னு சொல்லுவேன்.

மூணாவதுசீட்டு:
கோட்டைச்சாமி அண்ணே, இப்பவே தனி மெசேஜ்ல 'நீங்க எந்த நாடு வந்தாலும் கடைசி வரைக்கும் நாம ஒண்ணு, யார்கிட்டயும் சொல்லாதீங்க'ன்னு அனுப்பியிருக்கீங்க, சந்தோஷம்.

பழையவரைபடம்:
எனக்கும் அதேதான் வந்திருக்கு. எழுத்து மாறாம.