மூழ்கிய தீவு திரும்பி வரும் கதை: ஏழாம் அத்தியாயத்தில் நிற்கிறேன், உதவுங்கள்

கீழக்கரை எழுத்தாளன்:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக ஒரு நாவல் எழுதுகிறேன். இருண்ட மாயக்கதை. ஒருவர் மனதில் மட்டும் இருந்த உலகம் மெல்ல மெல்ல நிஜமாகி, இருக்கிற உலகத்தை அரிக்கத் தொடங்கும் வகை. ஆறு அத்தியாயம் முடிந்தது. ஏழாவதில் மூன்று மாதமாக நகரவில்லை.

களம் எங்கள் கடல்தான். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே 21 தீவுகள் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். 1986ல் கடல் தேசியப் பூங்கா அறிவித்த கணக்கும் அதுதான். அவற்றில் இரண்டு இன்று தண்ணீருக்கு மேலே இல்லை. ஒன்று விலாங்குசல்லி. இன்னொன்று எங்கள் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டி. சுற்றியிருந்த பவளக்கல்லை அளவில்லாமல் வெட்டி எடுத்ததுதான் காரணம். அலையை வாங்கிக்கொள்ளக் கல் இல்லை என்றால் மணல் எத்தனை நாள் தாங்கும்?

என் தாத்தா கல் எடுத்தவர். வள்ளத்தில் போய், முங்கி, கடப்பாரையால் நெம்பிக் கொண்டு வருவார்களாம். சுண்ணாம்புக் காளவாசலுக்குப் பாதி, வீடு கட்டப் பாதி. எங்கள் பழைய வீட்டுப் பின்சுவர் முழுக்க அந்தக் கல்தான். காரை உதிர்ந்த இடத்தில் தேனடை மாதிரி கண்கண்ணாகத் தெரியும். அந்தக் கண்களில் விரலை விட்டுக்கொண்டே தாத்தாவிடம் தீவுக் கதை கேட்டு வளர்ந்தவன் நான். அவர் போய்ச் சேர்ந்த பிறகுதான் உறைத்தது: அவர் எந்தத் தீவைப் பற்றி அப்படி ஆசையாகப் பேசினாரோ, அதன் காலடியை உடைத்த கைகளில் அவர் கையும் ஒன்று. என் விரல் இருந்தது அந்தத் தீவின் உடம்பில்.

கதையில் வருவது அமலி, பதினொரு வயது. அவள் தாத்தா சொல்லும் தீவில் நல்ல தண்ணீர்க் கிணறு உண்டு, ஆலமரம் உண்டு, விளக்கு எரியும் கல்மண்டபம் உண்டு. உண்மைத் தீவில் இவை எதுவும் இருந்ததில்லை. மனம் உறுத்தியதால் அவராகச் சேர்த்தவை. அமலி எல்லாவற்றையும் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் வரைகிறாள். வரைய வரையத் தீவு எழும்புகிறது. பழைய தீவாக அல்ல, அவள் வரைந்த தீவாக. அதற்கு வேண்டிய கல் ஊர்ச் சுவர்களிலிருந்து போகிறது. முதலில் அவள் வீட்டுப் பின்சுவர், அப்புறம் பக்கத்து வீட்டு மதில், அப்புறம் ஒரு தெருவே. கல் இருந்த இடத்தில் ஈர மணல் மட்டும் கிடக்கும்.

ஏழாவதில் அவள் அங்கே முதன்முதலாகக் கால் வைக்க வேண்டும். எப்படி எழுதினாலும் பயம் வரவில்லை. 1964 புயலில் தனுஷ்கோடியில் போனவர்களை அந்தத் தீவில் குடியேற்றிப் பார்த்தேன். அந்தப் புயலில் கடல் அடித்துப்போன ரயிலைக்கூடக் கொண்டு வந்தேன். திரும்பப் படித்தால் எனக்கே ஒட்டவில்லை. இப்படி ஒரு தீவு நிஜமாகவே எழுந்தால், எதைக் கண்டு உங்களுக்கு வயிறு கலங்கும்? கடல் தெரிந்தவர்கள், இந்த வகைக் கதை படிப்பவர்கள், யாராயிருந்தாலும் சொல்லுங்கள்.

மதுரை வாசகி:

கல் சுவரிலிருந்து போகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்தது. கற்பனை நிஜமாகும் கதைகளில் பெரும்பாலும் எல்லாம் காற்றிலிருந்து வந்துவிடும், உங்கள் கதையில் அது எங்கிருந்தோ பிடுங்கப்படுகிறது. ஆனால் சுவர் போனால் இன்னொரு சுவர் கட்டிக்கொள்ளலாமே? அமலிக்கு என்ன நஷ்டம்? அவள் ஒன்று வரைந்தால் அவள் நினைவிலிருந்து ஒன்று அழியட்டும். விலை அவள் கொடுப்பதாக இருந்தால் தானாகப் பயம் வரும்.

ராம்நாடு வாத்தியார்:

தம்பி, புவியியல் நடத்துகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இல்லாத நிலம் நிஜமாவது முதலில் கடலில் நடப்பதில்லை, தாளில்தான் நடக்கிறது. ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கலிடோனியாவுக்கும் நடுவில் சாண்டி தீவு என்று ஒன்று நூறு வருடத்துக்கு மேல் வரைபடங்களில் இருந்தது. கூகுள் வரைபடத்திலும் இருந்தது. 2012ல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வுக் கப்பல் அந்த இடத்துக்கே போய்ப் பார்த்தது. தீவு இல்லை. 1,300 மீட்டருக்குக் குறையாத ஆழமான கடல்தான் இருந்தது. யாரோ ஒருவர் எப்போதோ குறித்ததை அடுத்தவர் பார்த்து வரைந்து, அதை அடுத்தவர் பார்த்து வரைந்து, அத்தனை காலம் அது நிலமாகவே இருந்திருக்கிறது.

நம் லெமூரியாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். லெமூர் என்ற விலங்கு மடகாஸ்கரில் இருக்கிறது, அதன் இனத்தைச் சேர்ந்தவை இந்தியாவிலும் இருந்திருக்கின்றன, எனவே நடுவில் ஒரு நிலம் இருந்திருக்க வேண்டும் என்று பிலிப் ஸ்கிலேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் 1864ல் எழுதினார். கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்த பிறகு அறிவியலுக்கு அந்த நிலம் தேவைப்படவில்லை. ஆனால் அதற்குள் நம்மிடம் பழைய கடல்கோள் நினைவுகளோடு சேர்ந்து அது குமரிக்கண்டமாகக் குடியேறிவிட்டது. இன்று வகுப்பில் இதை விளக்கினால் பிள்ளைகள் முகம் வாடிப்போகும். ஒரு வீட்டை இடித்துவிட்ட மாதிரி பார்ப்பார்கள்.

அதனால் உங்கள் தீவு முதலில் படகுக்காரர்களின் ஜிபிஎஸ்ஸில் தெரியட்டும். கண்ணுக்குத் தெரிவது பழைய கடல், திரையில் தெரிவது தீவு. ஓட்டுகிறவர் திரையை நம்பி விலகிப் போவார். ஊர் ஒரு மாதம் அப்படி விலகிப் போன பிறகு தீவு எழுந்தால் போதும்.

சின்னப்பாலம் பாசிக்காரி:

நான் பாம்பன் சின்னப்பாலம். அம்மாவோடு கடற்பாசி எடுக்கப் போகிறவள். இப்போது கல்லூரியில் படிக்கிறேன், ஆனாலும் லீவில் முங்குகிறேன். கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரலில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சுப் பிடித்துத்தான் எடுப்போம். அதனால் உங்கள் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

முதலில் ஒரு வேண்டுதல் அண்ணா. 1964ஐ விட்டுவிடுங்கள். என் பாட்டி தனுஷ்கோடியிலிருந்து ஓடி வந்தவர். டிசம்பர் 22 வந்தால் அன்று முழுக்கப் பேசமாட்டார். அவர்களைப் பேயாக எழுதினால் படிக்க எனக்குக் கை வராது.

அடுத்தது. உயிரோடு இருக்கிற பாருக்குள், அதாவது பவளப்பாறைத் திட்டுக்குள், தலையை முக்கினால் முதலில் வருவது சத்தம். வாணலியில் கடுகு பொரிகிற மாதிரி சடசடவென்று ஓயாமல் கேட்கும். ஒருவகைச் சின்ன இறால் கொடுக்கைச் சொடுக்குவதால் வருகிற சத்தம் அது என்று கல்லூரியில்தான் தெரிந்துகொண்டேன். எங்களுக்கு அது பழகிப்போன ஒன்று, வீட்டுக்குள் மின்விசிறி ஓடுவது போல. செத்த பாரில் அது குறைந்துவிடும். ஒருமுறை வெளுத்துப்போன கல் இருந்த இடத்தில் முங்கினேன். மீன் இருந்தது, தண்ணீர் தெளிவாக இருந்தது, வெயில் அடிவரை இறங்கியது. சத்தம் மட்டும் இல்லை. ஏன் என்றே தெரியாமல் மேலே வந்துவிட்டேன், அன்று திரும்ப முங்கவில்லை.

உங்கள் அமலி கிணறு வரைந்தாள், மரம் வரைந்தாள், மண்டபம் வரைந்தாள். சத்தத்தை யார் வரைந்தது?

கீழக்கரை எழுத்தாளன்:

அந்தக் கடைசி வரியை நேற்று இரவிலிருந்து திரும்பத் திரும்பப் படிக்கிறேன். இத்தனை நாள் தீவில் எதைச் சேர்ப்பது என்றுதான் யோசித்தேன். தாத்தா செய்த அதே தப்பு. அவருக்குத் தீவு என்றால் கல், எனக்குத் தீவு என்றால் படம். அதில் குடியிருந்தவற்றை இரண்டு பேருமே நினைக்கவில்லை.

புயல் பகுதியை இன்று காலையே நீக்கிவிட்டேன், தங்கச்சி. பாட்டி மனம் நோகும்படி ஒரு வரி இருக்காது.

வாத்தியார் ஐயா, ஜிபிஎஸ் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஐந்தாம் அத்தியாயத்தில் வைத்தால் சரியாகப் பொருந்தும். மதுரை அக்கா, நினைவு அழிவதை நானும் யோசித்தேன். ஆனால் மறந்துபோனவளுக்கு வலி தெரியாது. அமலிக்கு எல்லாம் நினைவிருக்க வேண்டும், தன் கையால் வரைந்தது என்பது உட்பட.

இப்போது ஏழாவது இப்படிப் போகிறது. அவள் கரையேறுவதற்கு முன் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறாள். பாசி எடுக்கும் அம்மாவுக்குப் பிறந்தவள், பழக்க தோஷத்தில் தலையை முக்குகிறாள். ஒன்றும் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்க்கிறாள். ஆலமரம் காற்றில் ஆடுகிறது, இலைச் சத்தம் இல்லை. மண்டபத்தில் விளக்கு எரிகிறது. கிணற்றில் அவள் கல்லைப் போடுகிறாள், விழுந்த சத்தம் வரவே இல்லை. பின்னால் ஊர்ப் பக்கத்தில் நாய் குரைப்பது நிற்கிறது, தொழுகை அழைப்பு பாதியில் நிற்கிறது. கல் தீர்ந்துபோய் அடுத்ததாகத் தீவு எதை எடுக்கத் தொடங்கியது என்று அப்போது அவளுக்குப் புரிகிறது.

தங்கச்சி, ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். அந்தச் சத்தத்தைக் கேட்க முங்கித்தான் ஆக வேண்டுமா? எனக்கு ஒரு காதில் சவ்வு ஓட்டை, தண்ணீருக்குள் தலை வைக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கேட்காமல் எழுத மனம் வரவில்லை.

சின்னப்பாலம் பாசிக்காரி:

வேண்டாம் அண்ணா. யாருடைய வள்ளத்திலாவது பார் பக்கம் போய், இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். உள்ளே குப்புறப் படுத்து அடிப்பலகையில் நல்ல காதை வையுங்கள். அப்பா எனக்கு முதலில் அப்படித்தான் கேட்க வைத்தார். காற்று இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள்.