‘மினிமல் ரீப்ரொடியூசபிள் எக்ஸாம்பிள்’: தமிழில் என்ன சொல்லலாம்? (வெள்ளிக்கிழமை அச்சுக்கு)

ம. எழுதியது:
வணக்கம். முதலாண்டு மாணவர்களுக்கான ‘நிரலில் சிக்கினால் எங்கே, எப்படிக் கேட்பது’ கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. ‘எங்கே’ முடிந்தது. பைத்தான் நிரல்மொழி ஐயங்களுக்கு டிஸ்கஸ் பைத்தான் தளத்தின் ஹெல்ப் பிரிவு. உடனே பேசிப் பார்க்க லிப்ரா சாட் அரட்டைப் பிணையத்தின் பைத்தான் அறை; அங்கே நீள நிரலை நேராகக் கொட்டாமல் நிரலை ஒட்டிவைக்கும் பேஸ்ட் தளத்தில் இட்டுச் சுட்டி தர வேண்டும். கேட்குமுன் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ கேள்வி-பதில் தளத்தில் தேடல். கிட்ஹப் தளத்தில் ஒரு நிரலகத்துக்கு (ஆயத்த நிரல்தொகுப்பு) உள்ள இஷ்யூ பக்கம் அதன் வழுவுக்கு (பக்) மட்டும், வீட்டுப்பாடத்துக்கு அன்று. ‘எப்படி’யில்தான் தகராறு. தனக்கு வந்த சிக்கலை அடுத்தவரும் தம் கணினியில் வரவழைத்துப் பார்க்க உதவும் மிகச் சிறிய நிரல்துண்டுதான் ‘மினிமல் ரீப்ரொடியூசபிள் எக்ஸாம்பிள்’. ‘குறைந்தபட்ச மீளுருவாக்கத்தக்க எடுத்துக்காட்டு’ என்று எழுதினால் அதுவே ஒரு வரியைத் தின்றுவிடுகிறது.

இரா. எழுதியது:
‘பட்சம்’ வடசொல், விடுங்கள். ‘சிறும மீள்நிகழ் காட்டு’ என்க. ‘மீள்நிகழ் காட்டு’ வினைத்தொகை, முக்காலமும் அடங்கும். கேட்டவர் கணினியில் நேற்று நிகழ்ந்தது, விடை சொல்பவர் கணினியில் நாளையும் நிகழும். எடுத்துக்காட்டைக் ‘காட்டு’ என்பது புதிதன்று. நன்னூல் காண்டிகையுரை எனும் சுருக்க உரைக்கு உறுப்புச் சொல்லும்போது ‘கருத்துப் பதப்பொருள் காட்டு’ என்கிறது, கூடவே வினாவிடையையும் சேர்க்கிறது. கேள்வி-பதில் தளத்துக்கு வேறென்ன வேண்டும்?

செ. எழுதியது:
ஐயா, ‘சிறும’ என்பதைப் பிள்ளைகள் அச்சுப்பிழை என்பார்கள். மீள், மறு, சுழல் மூன்றையும் ரிகர்ஷனுக்கும் (தன்னையே அழைத்தல்) லூப்புக்குமே (சுழற்சி) செலவழித்துவிட்டோம். ‘மாதிரி நிரல்’ போதாதா?

கு. எழுதியது:
போதாது. மாதிரி நிரல் ஓடும். இது உடைய வேண்டிய இடத்தில் உடைய வேண்டும். 400 வரி பில் நிரல் ‘வேல்யூஎரர்’ (பொருந்தாத மதிப்பு) பிழை தருகிறது என்று வையுங்கள். பாதியை நீக்கி ஓட்டு. பிழை இருந்தால் நீக்கியது நீங்கியதே, போனால் திரும்ப வைத்து மற்றப் பாதியை நீக்கு. ஏட்டளவில் 9 வெட்டில் ஒரு வரிக்கு வந்துவிடலாம். நடைமுறையில் செயற்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால் கூடுதலாகும். கடைசியில் மிஞ்சுவது, முழு எண்ணாக மாற்றும் ‘இன்ட்’டுக்கு மேற்கோள் குறிக்குள் 1,200 என்று கொடுத்த ஒரே வரி. காற்புள்ளிதான் குற்றவாளி. வெட்டும்போது, நிரலகத்தை அழைக்கும் இம்போர்ட் வரியையும் சேர்த்து நீக்கி, ‘நேம்எரர்’ (பெயர் தெரியவில்லை) வந்ததும் அதையே இடுகிறவர்கள் உண்டு. பிழைச்செய்தி மாறினால் ஒரு படி பின்வாங்க வேண்டும். இதைக் கையேட்டில் கட்டம் கட்டிப் போடுங்கள்.

சொல் என்று கேட்டால்: பிழைக்காட்டு.

இரா. எழுதியது:
ஸ்டாக் ஓவர்ஃப்ளோவே முன்பு இதை ‘மினிமல், கம்ப்ளீட், வெரிஃபையபிள்’ (சிறியது, முழுமையானது, சரிபார்க்கத்தக்கது) என்றுதான் சொன்னது. நன்னூல் சொல்லும் நூலின் பத்துக் குற்றத்தில் முதலிரண்டு என்ன? குன்றக் கூறல், மிகைபடக் கூறல். கம்ப்ளீட் என்றால் குன்றாமை, மினிமல் என்றால் மிகையாமை. ஆகவே ‘குன்றாமிகாக் காட்டு’. பழுதில்லாத ஆக்கம்.

செ. எழுதியது:
பழுதில்லை, வாயில்தான் நுழையவில்லை. ‘ஆர்’ நிரல்மொழிக்காரர்கள் ரீப்ரொடியூசபிள் எக்ஸாம்பிளை ‘ரெப்ரெக்ஸ்’ என்று வெட்டி ஒட்டி முடித்துவிட்டார்கள். அந்தப் பெயரில் ஒரு தொகுப்பும் இருக்கிறது. நாம் இன்னும் நன்னூலில் நிற்கிறோம். ஆனால் குன்றாமை முக்கியம்தான். நிரலைச் செல் செல்லாக ஓட்டும் ஜூபிட்டரில் அழித்த செல்லின் மாறி நினைவில் கிடக்கும். தன் கணினியில் ஓடும், அடுத்தவரிடம் ஓடாது. பின்னால் நிரலை இயக்கும் கெர்னலை மறுதொடக்கம் செய்து, மேலிருந்து கீழே ஓட்டிய பிறகே இட வேண்டும். பிழைக்காட்டுக்கு என் வாக்கு.

இரா. எழுதியது:
பிழை எரருக்கு, பக்குக்கு ‘வழு’ நிலைத்துவிட்டது. அப்படியானால் ‘வழுக்காட்டு’.

செ. எழுதியது:
வழுக்கு, ஆட்டு என்று பிரித்துப் படிப்பார்கள் ஐயா!

கு. எழுதியது:
‘க்’ ஒற்றைப் பற்றி யாரும் கேட்குமுன்: பிழைக்காட்டு, அதாவது ‘பிழையை நிகழ்த்தும் காட்டு’, இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை, தண்ணீர்த்தொட்டி போல. வலி மிகும். ‘பிழைகாட்டு’ என்றால் ஏவல் ஆகிவிடும்.

இரா. எழுதியது:
இலக்கணம் சரி, பொருள் சரியில்லை. பைத்தானில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.3 வராமல் 0.30000000000000004 வருகிறது. பிழைச்செய்தியே இல்லை, நிரலும் நிற்கவில்லை. மாணவர் கேட்கிற கேள்வியில் பாதி இந்த வகைதான். இதற்குப் பிழைக்காட்டு எப்படிப் பொருந்தும்? மீள்நிகழ்வு என்ற கருத்தே சொல்லில் இல்லை.

கு. எழுதியது:
அதைச் சொல் சுமக்க வேண்டாம், கேள்விப் படிவம் சுமக்கட்டும். ‘எதிர்பார்த்தது’, ‘கிடைத்தது’ என இரண்டு கட்டங்கள். பைத்தான் பதிப்பெண், இயங்குதளம். டிரேஸ்பேக் (பிழை வந்த வழியைக் காட்டும் செய்தி) முழுவதும், எழுத்தாக. திரைப்பிடிப்பை நகலெடுத்து ஓட்டிப் பார்க்க முடியாது. ரேண்டம் (தற்செயல் எண்) இருந்தால் அதைத் தொடங்கிவைக்கும் சீட் எண்ணை நிலைநிறுத்துங்கள், இல்லையேல் ஆளுக்கொரு விடை வரும். கடவுச்சொல், ஏபிஐ சாவி (இணையச் சேவையை அணுகும் ரகசியக் குறி) இவற்றை நீக்கியாயிற்றா என்று ஒரு டிக்குக் கட்டம்.

ம. எழுதியது:
நேரம் முடிந்தது. முதல் இடத்தில் ‘மினிமல் ரீப்ரொடியூசபிள் எக்ஸாம்பிள், அதாவது பிழைக்காட்டு’. பிறகு பிழைக்காட்டு மட்டும். படிவத்தைச் சேர்த்துவிட்டேன். இரா. ஐயாவின் மறுப்பு அடிக்குறிப்பாகப் போகும்.

இரா. எழுதியது:
அடிக்குறிப்பில் ‘மீள்நிகழ்’ ஒரே சொல்லாக இருக்கட்டும். இடைவெளி விட்டால் ‘மீள்’ தனியே நிற்கும். ‘குன்றாமிகா’வை வலியுறுத்தவில்லை. பிழைக்காட்டை ஏற்கவும் இல்லை.