யாஷிகா எலெக்ட்ரோ 35: புதுப்பிப்பு

ரப்பர் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தபோது அப்பா வாங்கிய இந்தக் கேமரா, எவ்வளவு மங்கலான வெளிச்சத்திலும் ஒரே ஷட்டர் வேகத்தில்தான் படமெடுக்கிறது, மின்சுற்று செத்துவிட்டது என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். அது தவறான முடிவு. ஃபிலிமை நகர்த்தும் நெம்புகோலை இழுக்கும்போது உள்ளே கேட்க வேண்டிய ‘டக்’ என்ற ஓசை கேட்கவில்லை என்பதை மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரில் கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர்தான் கண்டுபிடித்தார். பிரித்துப் பார்த்தபோது, அந்த ஓசைக்குக் காரணமான சிறு ரப்பர் திண்டு தார்போல இளகிக் கிடந்தது (பால்மரக் காட்டில் வளர்ந்தவனுக்கு ரப்பரே காலை வாரிவிட்டது). அதனை மாற்றியதும், 1966இல் வெளிவந்த இந்த வடிவமைப்பு, லென்ஸின் துளையளவை (ஒளி புகும் திறப்பின் அளவை) மட்டும் நம்மிடம் விட்டுவிட்டு வேகத்தைத் தானே தேர்ந்தெடுக்கத் தொடங்கிவிட்டது. 5.6 வோல்ட் பாதரச மின்கலத்துக்குப் பதிலாக 6 வோல்ட் மின்கலத்தை ஸ்பிரிங் வைத்துப் பொருத்தியிருக்கிறேன்; சுற்று அதனைப் பொறுத்துக்கொள்கிறது. லென்ஸின் ஓரத்தில் படர்ந்துள்ள பூஞ்சையை இன்னும் தொடவில்லை.